பொன்விழி மீனின் துறைமுகம்

ஜப்பானின் இஸு தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரம் ஓடும் ரயில்களில் ஒன்றுக்கு ஒரு மீனின் பெயரை வைத்து, அந்த மீனின் நிறத்தையே பூசியிருக்கிறார்கள். பளிச்சென்ற சிவப்பு. பெட்டிகளின் மேல் கண் பெருத்த மீன்கள் வரையப்பட்டிருக்கின்றன. கோயிலுக்கும் மலைக்கும் ரயில் விடுகிற நாடுதான் என்றாலும், கடலுக்கடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருட்டில் வாழும் மீனுக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றியது. அந்த மீனின் பெயர் கின்மெதாய். இந்தக் கரையில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை. 'கின்மெ', அதாவது பொன்விழி, என்றால் போதும்.

டோக்கியோவிலிருந்து தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கும் ஷிமோதா ஊருக்கு 'ஒதோரிகோ' விரைவு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். யாசுனாரி கவபாதா 1926இல் எழுதிய இஸு நாட்டியக்காரிக் கதையிலிருந்து வந்த பெயர் அது. கதையின் மாணவன் மலைவழியே நடந்து ஷிமோதாவை அடைந்து அங்கிருந்து கப்பலில் டோக்கியோ திரும்புகிறான். அந்தக் காலத்தில் ரயில் இல்லை. இதோ என்ற நகரத்திலிருந்து ஷிமோதா வரையிலான தனியார் பாதை 1961இல்தான் திறக்கப்பட்டது. சுரங்கமும் கடலுமாக மாறி மாறி வரும் பாதை. ஒரு சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் இடது சன்னலில் அலை. எட்டத்தில் ஓஷிமா தீவின் எரிமலை. நாங்கள் போனது பிப்ரவரி மாதம். கவாஸு நிலையத்தில் பாதி ரயில் காலியானது. நாட்டின் மற்ற இடங்களுக்கு முந்திப் பூக்கும் செர்ரி மரங்களைப் பார்க்க வந்த கூட்டம் அது. மீனுக்காக வந்தவர்கள் மிச்சமிருந்தோம்.

இந்த ஊருக்கும் ஆழ்கடலுக்கும் உள்ள உறவை அறிய நிலவியலைத் தொடாமல் முடியாது. இஸு ஒரு காலத்தில் ஜப்பானோடு சேர்ந்த நிலமே அல்ல. தெற்கே வெகு தொலைவில் கடலடி எரிமலைக் கூட்டமாக இருந்தது. பிலிப்பைன் கடல்தட்டின் முதுகில் ஏறி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராக வடக்கே நகர்ந்து, கடைசியில் ஜப்பானின் பெருநிலத்தில் வந்து மோதி ஒட்டிக்கொண்டது. இந்த வரலாற்றுக்காகவே யுனெஸ்கோ 2018இல் இஸுவை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. மோதிய தட்டு இருபுறமும் மடிந்து உள்ளே இறங்குவதால் மேற்கே சுருகா அகழியும் கிழக்கே சகாமி அகழியும் உண்டாகியிருக்கின்றன. சுருகா விரிகுடாவின் ஆழம் ஏறத்தாழ 2,500 மீட்டர். ஜப்பானில் இதைவிட ஆழமான விரிகுடா கிடையாது. தெற்கே இஸு தீவுகள் வரிசையாக நீள, அவற்றுக்கிடையே கடலடிக் குன்றுகள் எழுகின்றன. ஆழ்கடல் மீனைப் பிடிக்க மற்ற ஊர்க்காரர்கள் நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். ஷிமோதாக்காரர்களுக்கு அது வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. விடியுமுன் கிளம்பும் சின்னப் படகு அன்றைக்கே திரும்பிவிடும்.

கின்மெ வாழ்வது சுமார் 200 முதல் 800 மீட்டர் ஆழத்தில். பகலில் அடியில் கிடந்து, இரவில் இரையைத் தொடர்ந்து கொஞ்சம் மேலேறும். இறால் வகைகள், சிறு கணவாய்கள், ஒளிவிடும் சின்ன மீன்கள் அதன் இரை. கரைக்கு வந்த பிறகு கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு, அது வாழும் இடத்தில் ஒளிந்துகொள்வதற்கான உடுப்பு. மேலிருந்து வரும் ஒளியில் சிவப்புப் பங்கை நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. சில பத்து மீட்டர்களுக்குக் கீழே சிவப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே அங்கே சிவப்பு மீன் கறுப்பு மீனாகிவிடும். கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. வந்து சேரும் கொஞ்ச ஒளியையும் இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ள அது உதவுகிறது. பூனையின் கண்ணில் விளக்கடித்தால் மின்னுவதும் இதே ஏற்பாட்டால்தான். பெயரில் 'தாய்' என்று இருப்பதால் ஜப்பானியர் கல்யாண விருந்தில் வைக்கும் தாய் மீனுக்கு உறவு என்று நினைக்க இடமுண்டு. உறவு ஏதுமில்லை. சிவப்பாக இருக்கிறது, விலையும் அதிகம். அந்தப் பெயரைச் சூட்ட அவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

காலையில் மீன் சந்தைக்குப் போனோம். நாடு முழுவதிலும் கின்மெ மிகுதியாக வந்திறங்கும் துறைமுகம் என்று ஷிமோதா தன்னைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. மீன் சந்தை என்றதும் நமக்கு மனத்தில் எழும் இரைச்சல் அங்கே இல்லை. ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், பனிக்கட்டி நிரம்பிய தொட்டிகள். எடைவாரியாகப் பிரித்து அடுக்கிய சிவப்பு மீன்கள், ஒரே பக்கம் தலை வைத்து, ஒன்றின் துடுப்புகூட மற்றதன்மேல் ஒடிந்து கிடக்காமல். வியாபாரிகள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுமாக நகர்கிறார்கள்; குரல் உயர்வது ஏலம் நடக்கும் சில நிமிடங்களில் மட்டும்.

யோகோஹாமாவில் பல காலமாக வேலை பார்க்கும் என் நண்பர்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் மூலம் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம், இங்கே கின்மெ என்பது ஒரே சரக்கு அல்ல என்பது. பக்கத்துக் கடலில் சின்னப் படகுகள் பிடித்து அன்றைக்கே கொண்டுவருவது 'ஜி கின்மெ', உள்ளூர் மீன். இஸு தீவுகளின் பக்கம் பிடிபடுவது 'ஷிமா கின்மெ', தீவு மீன். அதற்கும் அப்பால் பெரிய படகுகள் பல நாள் தங்கிப் பிடித்து வருவது 'ஓகி கின்மெ', தூரக்கடல் மீன். மூன்றும் ஒரே இனம்தான். ஆனால் உள்ளூர் மீனுக்கு விலை தனி. பக்கத்து ஊரான இனதோரி தன் துறைமுகத்து மீனைத் தன் பெயரிலேயே முத்திரையிட்டு விற்கிறது. உணவகத்து வாசலில் வெறும் 'கின்மெ' என்று எழுதியிருந்தால் அது எந்தக் கின்மெ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சொல்லப்போனால் கேட்டால் மகிழ்கிறார்கள்.

பிடிக்கும் முறைதான் இந்த விலையின் அடிப்படை. வலை கிடையாது. நம்மூர் ஆயிரங்கால் தூண்டில் கடலில் கிடையாகப் போகும். இங்கே கயிறு செங்குத்தாக இறங்குகிறது. அடியில் கனமான குண்டு; மேலே நெடுக, கிளைக்கயிறுகளில் பல முள்கள்; ஒவ்வொன்றிலும் நாடாவாக வெட்டிய கணவாயோ கானாங்கெளுத்தியோ இரையாக இருக்கும். கருவியில் கடலடிக் குன்றின் சரிவைப் பார்த்து, நீரோட்டம் கயிற்றை எவ்வளவு இழுத்துப் போகும் என்று கணக்கிட்டு, குன்றுக்கு முன்னாலேயே இறக்க வேண்டும். குரோஷியோ நீரோட்டம் கரையை நெருங்கிவிட்டால் கயிறு நேரே நிற்காது. அன்றைக்குத் தொழில் இல்லை. கயிற்றை மேலே இழுக்க இப்போது இயந்திரம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மீனையும் முள்ளிலிருந்து கழற்றுவது கைதான். செதில் உதிராமல், தோல் கீறாமல் நேராகப் பனிநீருக்குள் போகிறது. வலையில் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி வரும் மீனுக்கும் இதற்கும் தட்டில் வித்தியாசம் தெரியும். நடுவில் சுறாக்களின் தொல்லை வேறு. தூண்டிலில் மாட்டிய மீன் தப்ப வழியில்லாமல் மேலே வரும்போது பாதியைக் கடித்துக்கொண்டு போய்விடும். இஸு கடலில் இது இன்று பெரிய தலைவலி.

ஜப்பானியச் சமையல் என்றால் பச்சை மீன் என்றொரு எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. ஷிமோதாவில் கின்மெயைப் பச்சையாகவும் தருகிறார்கள். தோலோடு வெட்டி, தோலின்மேல் மட்டும் தீ காட்டி, உள்ளே குளிர்ச்சி மாறாமல் வைப்பார்கள். இந்த மீனின் கொழுப்பு தோலுக்கடியில் இருப்பதால் தோலை உரித்தால் பாதிச் சுவை போய்விடும் என்பது அவர்கள் கட்சி. மெல்லிய துண்டுகளைக் கொம்பு கடற்பாசி கொதித்த நீரில் இரண்டு அசை அசைத்துத் தின்னும் ஷாபு ஷாபுவும் உண்டு. ஓர் இரவு வாட்டிய கருவாட்டைத் தணலில் சுட்டும் தருவார்கள். நம் கருவாட்டின் உப்பும் மணமும் அதில் இருக்காது. இளைஞர்களுக்காக மீனைப் பொரித்து நடுவில் வைத்த பர்கர்கூட இருக்கிறது. எல்லாவற்றையும் ருசித்தபின் என் தீர்ப்பு: இந்த மீன் பிறந்தது நித்சுகேவுக்காக.

நித்சுகே என்பது சோயா சாறில் கொதிக்கவைத்த மீன். நாங்கள் தங்கிய சிறு விடுதியின் அம்மா, நண்பர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, சமையலறை வாசலில் நின்று பார்க்க எங்களை அனுமதித்தார். முழு மீனின் செதிலைச் சுரண்டி, குடலும் செவுளும் நீக்கி, விலாவில் தோலின்மேல் பெருக்கல் குறிபோல இரண்டு கீறல் போட்டார். பிறகு மீன்மேல் வெந்நீரை ஊற்றினார். தோல் ஒரு கணம் சுருங்கி நின்றது. உடனே குளிர்ந்த நீரில் போட்டு, ஒட்டியிருந்த வழுவழுப்பையும் ரத்தக் கட்டையும் விரலால் தேய்த்து எடுத்தார். மீன் வாடை போவது இந்த இடத்தில்தான், இஞ்சி அதற்கப்புறம் வரும் துணை என்றார். அகலமான தாழ்ந்த சட்டியில் சாகே என்ற அரிசி மது, மிரின் என்ற இனிப்புச் சமையல் மது, சர்க்கரை, சோயா சாறு, இஞ்சிச் சில்லுகள். கொதி வந்தபின் மீனை வைத்தார், தலை இடப்பக்கம். அதற்கு மேல் போட்ட மூடி சட்டியின் விளிம்பில் உட்காரவில்லை. அதைவிடச் சிறிய மரமூடி, மீனின்மேலேயே உட்கார்ந்தது. குழம்பு நுரைத்து மூடியில் மோதி மீனின் மேல்பக்கத்தையும் நனைத்துக்கொண்டே இருக்கும். மீனைத் திருப்பிப்போட வேண்டிய வேலையே இல்லை.

"தீயைக் குறைக்க மாட்டீர்களா?" என்று கேட்கச் சொன்னேன்.

"குறைத்தால் மீன் குழம்புக்குள் கரைந்துபோகும். பெருந்தீயில் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். சுவை உள்ளே போக வேண்டாம், மேலே நின்றால் போதும்" என்றார்.

நம் வீட்டு மீன் குழம்போடு இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாம் புளியும் மிளகாயும் சதைக்குள் இறங்கவேண்டும் என்று மறுநாள் வரை காத்திருக்கிறோம். ராத்திரி வைத்த குழம்பு காலையில் பழைய சோற்றுக்குத்தான் அருமை. அந்த அம்மாவின் நோக்கம் நேர்மாறானது. கடைசி நிமிடங்களில் மூடியை எடுத்துவிட்டு, குழம்பைக் கரண்டியால் மொண்டு மீன்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். சர்க்கரையும் மிரினும் சுண்டிப் பளபளக்கும் பூச்சாகப் படிந்தன. உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்ற சதை, குழம்பின் நிறம் ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. இனிப்பும் உப்பும் வெளியே. கொழுப்பின் மென்மை உள்ளே. இரண்டும் வாயில் சந்திக்கின்றன. 100 கிராம் சதையில் ஏறத்தாழ 9 கிராம் கொழுப்புள்ள மீன் இது. அந்தக் கொழுப்புதான் பெருந்தீயிலும் சதையை வறண்டுபோக விடாமல் காக்கிறது. காரம் என்று ஒரு துளி இல்லை. முதல் இரண்டு வாய்க்கு இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. சோற்றோடு சேர்த்ததும் அது சரியாகிவிட்டது. பக்கத்தில் இதே குழம்பில் வெந்த கோபோ கிழங்கு, எலும்பும் தலைச்சில்லும் போட்ட மிசோ சூப், ஊறுகாய்.

சாப்பிடுவதிலும் ஒழுங்கு உண்டு. மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டக்கூடாது. நடுமுள்ளைத் தலையோடு சேர்த்துக் கிளப்பி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடிப்பக்கத்தைத் தொடரவேண்டும். கன்னச் சதையும் கண்ணைச் சுற்றியுள்ள பசைபோன்ற பகுதியும் தலைக்காரருக்கு என்று நண்பர் எனக்கே தள்ளிவிட்டார். தலை தின்னத் தெரிந்த தமிழனுக்கு அங்கே மரியாதை கூடுகிறது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய முள்ளிலும் குழம்பிலும் வெந்நீர் ஊற்றிக் குடிப்பது பழைய ஆட்களின் வழக்கம் என்று அந்த அம்மா செய்து காட்டினார். அதுவும் நன்றாகவே இருந்தது. மது தொடாதவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சாகேயும் மிரினும் இல்லாமல் நித்சுகே இல்லை. கொதியில் பெரும்பங்கு சாராயம் ஆவியாகிவிடும் என்றாலும் கொள்கைப்படி விலக்குபவர்கள் உப்பிட்டுச் சுட்டதைக் கேட்டு வாங்கலாம்.

மதியம் ஊரைச் சுற்றினோம். ஷிமோதாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மீனல்ல, கறுப்புக் கப்பல்கள். அந்தக் கப்பல்களோடு வந்த அமெரிக்கக் கமோடர் பெர்ரி 1854இல் ஜப்பானோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஷிமோதாவையும் ஹகோதாதேயையும் அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து ஊரின் பெரும்பாலான வீடுகளை அடித்துப்போயின. அப்போது பேச்சுவார்த்தைக்காக நின்றிருந்த ரஷ்யத் தூதர் புத்யாதினின் 'டயானா' கப்பலும் உடைந்தது. பழுது பார்க்க மேற்குக் கரையின் ஹேதாவுக்குக் கொண்டுபோகும் வழியில் அது மூழ்க, ஹேதாவின் தச்சர்கள் ரஷ்யர்களோடு சேர்ந்து புதுக்கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். அந்த ஹேதா இன்று ஆழ்கடல் இழுவை மடிக்கும் நெடுங்கால் நண்டுக்கும் பேர்போன ஊர். இஸுவில் எந்தக் கதையைத் தொட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஆழ்கடலுக்கு வந்துவிடுகிறோம்.

ஊருக்குக் கிழக்கே காகிசாகியில் உள்ள கியோகுசென்ஜி கோயில்தான் முதல் அமெரிக்கத் தூதர் டவுன்சென்ட் ஹாரிஸ் 1856இல் வந்து தங்கிய இடம். அவருக்கு மாட்டிறைச்சி வேண்டும், பாலும் வேண்டும். ஊராருக்கு மாடு உழவுக்கு. அந்தக் கோயில் வளாகத்தில் மாட்டைக் கட்டி அறுத்த மரத்துக்கும் நினைவுச்சின்னம், அவர் குடித்த பாலுக்கும் நினைவுச்சின்னம் இருக்கின்றன. புத்தர் கோயிலில் கசாப்புக்கு ஒரு நினைவுக்கல்! துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக மீன் இறங்கும் ஊரில் அந்த மனிதர் பாலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார் என்பதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கின்மெ மெதுவாக வளர்கிறது. முட்டையிடும் பருவத்தை எட்டவே நான்கைந்து ஆண்டுகள். 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இப்படிப்பட்ட மீனை ஆசைக்கு ஏற்றபடி அள்ளினால் கடல் திருப்பி நிரப்பித் தராது. இந்தப் பகுதியில் பிடிபடும் அளவு குறைந்து வருவதை மீனவர்களே முதலில் பேசுகிறார்கள். சிபா, டோக்கியோ, கனகாவா, ஷிஸுவோகா ஆகிய நான்கு பகுதிகளின் மீனவர்களும் இந்த மீனுக்காக ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்த நேரத்தில் தொழில் செய்யலாம், எத்தனை முள், எவ்வளவு சிறிய மீனைக் கடலில் திருப்பி விடவேண்டும் என்று துறைக்குத் துறை கட்டுப்பாடுகள் உள்ளன. அரசு சொல்வதற்கு முன்பே அவர்களாகப் போட்டுக்கொண்டவையும் அவற்றில் பல.

தூரத்துக் கடலின் கதை வேறு. உலகின் பல கடலடிக் குன்றுகளில் இந்த மீனும் இதன் உறவினமும் திரள்வதால் இழுவை மடிகள் அங்கே போகின்றன. வட பசிபிக்கின் பேரரசர் கடலடி மலைத்தொடரில் ஜப்பானியக் கப்பல்கள் இதைப் பிடிக்கின்றன. அப்பகுதிக்கென 2015இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின் ஆணையம் டோக்கியோவில் இருந்து இயங்குகிறது. நம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக் குன்றுகளிலும் இதே மீன் பிடிபடுகிறது; அதற்கும் தனி உடன்படிக்கை உண்டு. ஆழ்கடல் குன்றின்மேல் மடியை இழுத்தால் மீனோடு பல நூறாண்டு வயதான பவளங்களும் கடற்பஞ்சுகளும் பெயர்ந்து வரும். டோக்கியோவின் பேரங்காடியில் உறைந்த துண்டாக மலிவாகக் கிடைக்கும் கின்மெக்கும், ஷிமோதாவில் முள்ளிலிருந்து கையால் கழற்றிய கின்மெக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்து முதலில் மலைத்தேன். இப்போது எனக்கு மலிவான துண்டுதான் உறுத்துகிறது.

நெடுநாள் வாழ்ந்து மற்ற உயிர்களைத் தின்னும் மீன் என்பதால் இதன் உடலில் பாதரசமும் சேர்கிறது. ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் பட்டியலில் கின்மெயையும் சேர்த்திருக்கிறது: வாரத்துக்கு ஒரு வேளை, சுமார் 80 கிராம், அதற்கு மேல் வேண்டாம். மற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

போகிறவர்களுக்கு: முழு மீன் நித்சுகே ஒருவருக்கு அதிகம், விலையும் சில ஆயிரம் யென், இருவராகப் போய் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மீன்தான், ஆனால் காற்றடிக்கும் நாள்களில் சின்னப் படகுகள் கிளம்பாது. ஆகவே ஒரு நாளாவது கூடுதலாகத் தங்குவதுபோலத் திட்டமிடுங்கள். கடையில் உட்காருமுன் ஜி கின்மெ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அன்றைக்குக் கருவாட்டைச் சுடச்சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வாருங்கள்.